முறிந்த உடன்படிக்கையும் முறியாத வாக்கும்

கொடுத்த சொல்லைக் காப்பது அரிய செயல். சொல்லைப் பெற்றவர் தம் கடமையைக் கைவிட்ட பின்னும், கொடுத்தவர் அச்சொல்லில் பிறழாது நிற்பது அதனினும் அரியது. உலக வழக்கில் ஒப்பந்தம் செய்த இருவருள் ஒருவர் தவறினால், மற்றவர் அதனின்று விடுபட்டார் என்பதே முறை. வாணிகமும் அரசியலும் இம்முறையைத் தழுவியே நடைபெறுகின்றன.

கிறிஸ்தவ மறைநூல் இம்முறையை ஒரு பெரும் வினாவாக மாற்றுகின்றது. கடவுள் ஒரு மக்களினத்தோடு உடன்படிக்கை செய்தார். அம்மக்கள் அதனைப் பன்முறை மீறினர். அவ்வாறாயின், கடவுளும் அதனின்று விடுபட்டாரா? கி.மு. 586-ஆம் ஆண்டில் (587 என்பாரும் உளர்) எருசலேம் நகரமும் அதன் ஆலயமும் பாபிலோனியப் படைகளால் தீக்கிரையானபொழுது, இது வெறும் ஏட்டு வினாவாக இல்லை. நாட்டையும் அரசையும் ஆலயத்தையும் ஒருசேர இழந்த ஒரு மக்களின் உயிர் வினாவாக எழுந்தது. பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி, இவ்வினாவின் நிழலில் எழுதப்பட்டோ தொகுக்கப்பட்டோ இன்றைய வடிவை அடைந்ததென்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்தாகும்.

சொற்கள் தரும் விளக்கம்

எபிரேய மொழியில் இக்கருத்தைத் தாங்கி நிற்கும் சொற்கள் மூன்று. முதலாவது, 'பெரித்' என்பது. தமிழில் இது உடன்படிக்கை எனப்படும். இரண்டாவது, 'எமூனா' என்பது. உறுதி, நிலைபேறு என்பன இதன் அடிப்படைப் பொருள்கள். யாத்திராகமத்தில் ஒரு போர் நிகழ்ச்சி வருகின்றது. மோசேயின் கைகள் உயர்ந்திருக்கும்பொழுது இசுரவேலர் மேலோங்குகின்றனர். கைகள் தாழும்பொழுது பகைவர் மேலோங்குகின்றனர். கைகள் சோர்ந்தபொழுது ஆரோனும் ஊர் என்பானும் இருபுறமும் நின்று அவற்றைத் தாங்குகின்றனர். பொழுது சாயும்வரை அவை அசையாதிருந்தன. அவ்வசையாமையைக் குறிக்க அங்கு வரும் சொல் எமூனா என்பதே. கடவுளின் உண்மை என்று சொல்லும்பொழுதும், சோர்ந்து தாழாத அந்நிலையே கருதப்படுகின்றது. வழிபாட்டின் இறுதியில் சொல்லப்படும் 'ஆமென்' என்பதும் இவ்வேர்ச்சொல்லினின்று பிறந்ததேயாம்.

உள்ளத்தில் பொய்யாமை உண்மை, சொல்லில் பொய்யாமை வாய்மை, செயலில் பொய்யாமை மெய்ம்மை எனப் பகுத்துரைப்பது தமிழாசிரியர் மரபு. எபிரேயச் சொல் இம்மூன்றையும் தன்னுள் அடக்கியதோடு, கால ஓட்டத்தில் மாறாமை என்னும் நான்காவது கூற்றையும் பெற்றுள்ளது எனலாம்.

மூன்றாவது சொல் 'ஹெசெத்'. பழைய ஏற்பாட்டில் 240-க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இச்சொல்லில் ஏறத்தாழப் பாதி சங்கீத நூலிலேயே காணப்படுகின்றது. 136-ஆம் சங்கீதத்தின் 26 அடிகளும் இச்சொல் அமைந்த ஒரே தொடரால் முடிகின்றன. இதன் பொருள் பற்றி அறிஞரிடையே நெடிய ஆராய்ச்சி நடந்துள்ளது. உறவாலோ உடன்படிக்கையாலோ பிணைக்கப்பட்டவர் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய கடப்பாடே ஹெசெத் என்று 1927-இல் நெல்சன் குளூக் விளக்கினார். காத்தரின் சாக்கன்ஃபெல்டு என்னும் அம்மையார் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், வல்லார் ஒருவர், தம்மையன்றி வேறு துணையில்லாத எளியார்க்குத் தாமே விரும்பிச் செய்யும் உதவியே அதன் உயிர்க்கூறு என்று காட்டினார்.

ரூத்து நூலை நோக்கினால் இவ்விரு விளக்கமும் ஒன்றையொன்று நிறைவு செய்வது புலனாகும். கணவனை இழந்த மோவாபியப் பெண் ரூத்து, தன் தாய்வீட்டுக்குத் திரும்பிச் செல்ல முழு உரிமை உடையவள். மாமியார் நகோமியும் அவ்வாறே செல்லும்படி வற்புறுத்துகின்றாள். எனினும் ரூத்து முதியவளைத் தனியே விட்டுப் போக இசையவில்லை. உறவு உண்டு, கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்திலும் உறவைக் காக்கும் அப்பண்பையே போவாசு என்பவன் ஹெசெத் என்று பாராட்டுகின்றான்.

தமிழில் மறைநூலைப் பெயர்த்தோர்க்கு இச்சொல் எளிதில் அகப்படவில்லை. சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சேறியது. பின்னர் பெப்ரீசியசு முதலியோர் தம் மொழிபெயர்ப்புகளை வழங்கினர். 1871-இல் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பு, 136-ஆம் சங்கீதத்தில் 'கிருபை' என்னும் சொல்லை ஆண்டது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அதே இடத்தில் 'பேரன்பு' என்று கூறுகின்றது. கிருபை என்பது தகுதி நோக்காது அருளுதலை உணர்த்துகின்றது. பேரன்பு என்பது உறவின் நெருக்கத்தை உணர்த்துகின்றது. மூலச்சொல்லில் இவ்விரண்டோடு, கட்டுண்டவர் கைவிடாத உறுதியும் கலந்து நிற்கின்றது. ஒரு சொல்லால் மூன்றையும் தருதல் அரிதாதலின், வகுப்பில் இதனை விளக்குவோர் ரூத்தின் கதையைத் துணைக்கொள்வது பயன் தரும்.

பிளந்த பலியும் கடந்து சென்ற தீயும்

எபிரேய மொழியில் உடன்படிக்கை 'செய்தல்' என்பதற்கு, அதனை 'வெட்டுதல்' என்பதே வழக்கு. இவ்வழக்கின் காரணத்தை ஆதியாகமத்தின் 15-ஆம் அதிகாரம் காட்டுகின்றது. மகப்பேறின்றி முதிர்ந்த ஆபிராமுக்குக் கடவுள் வழித்தோன்றல்களையும் நாட்டையும் வாக்களிக்கின்றார். அதனை எவ்வாறு உறுதியாக அறிவது என்று அவன் வினவுகின்றான். கிடாரியும் வெள்ளாடும் ஆட்டுக்கடாவும் பிளக்கப்பட்டு, பாதிகள் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. கதிரவன் மறைந்தபின், புகையும் சூளையும் எரியும் தீப்பந்தமும் அத்துண்டங்களின் நடுவே கடந்து செல்கின்றன.

பிளந்த விலங்கின் நடுவே நடப்பவன், "சொல் தவறினால் எனக்கும் இந்நிலை வருக" என்று தன்னைத்தானே சபித்துக்கொள்கின்றான் என்பது பண்டை மேற்கு ஆசிய மரபு. எரேமியா நூலின் 34-ஆம் அதிகாரம் இதற்குச் சான்று. அங்கு, அடிமைகளை விடுவிப்பதாகக் கன்றைப் பிளந்து நடுவே நடந்த எருசலேம் தலைவர்கள், பின்னர் அவ்வடிமைகளை மீண்டும் பிடித்துக்கொண்டதால் கண்டிக்கப்படுகின்றனர். மறைநூலுக்கு வெளியேயும் சான்றுகள் உள்ளன. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் ஐந்தாம் அசூர்நிராரி, அர்ப்பாதின் அரசனாகிய மத்தியேலோடு செய்த உடன்படிக்கையில், வெட்டப்படும் ஆட்டுக்குட்டியின் தலை உண்மையில் மத்தியேலின் தலையே என்னும் கருத்துக் கூறப்படுகின்றது. அதே மன்னனைக் குறிக்கும் செபீரே கல்வெட்டும் வெட்டுண்ட கன்றை எடுத்துக்காட்டிச் சாபமிடுகின்றது.

இங்கு ஒரு வேறுபாடு ஊன்றி நோக்கத்தக்கது. அசீரிய உடன்படிக்கையில் சாபத்தை ஏற்பவன் எளியவன். ஆதியாகமத்திலோ நடுவே கடந்து செல்வது கடவுளைக் குறிக்கும் தீ. ஆபிராம் ஆழ்ந்த உறக்கத்தில் கிடக்கின்றான். அவன் நடந்ததாக நூல் கூறவில்லை. பிணையின் முழுச்சுமையையும் வலியவரே தம்மேல் ஏற்றுக்கொள்ளும் காட்சி இது. பின்வரும் வரலாறு முழுவதற்கும் இதுவே அடித்தளம்.

பொற்கன்றின் பின்

ஆபிரகாமோடு செய்யப்பட்ட உடன்படிக்கையில் வாக்கு முதன்மை பெறுகின்றது. சீனாய் மலையடியில் செய்யப்பட்டதிலோ கட்டளைகள் முதன்மை பெறுகின்றன. 1906 முதல் பொகாசுகோயில் அகழ்ந்தெடுக்கப்பட்ட இத்தைட்டு அரசரின் உடன்படிக்கைகளோடு இதனை ஒப்பிட்டு, சியார்ச்சு மெண்டன்ஹால் 1954-இல் ஆய்வுரை எழுதினார். பேரரசன் தான் செய்த நன்மைகளை முதலில் உரைத்து, அதன்பின்னரே கட்டளைகளைக் கூறுவது அவற்றின் அமைப்பு. பத்துக் கட்டளைகளும் எகிப்தினின்று மீட்ட செயலைக் கூறியே தொடங்குகின்றன. உபாகமம் கி.மு. 672-இல் அசீரிய மன்னன் எசரத்தோன் விதித்த உடன்படிக்கையையே பெரிதும் ஒத்துள்ளது என்று கூறும் அறிஞரும் உளர். எவ்வாறாயினும் முதலில் நிகழ்ந்தது மீட்பு. கட்டளை அதன்பின் வந்தது என்னும் வரிசை மாறவில்லை.

கட்டளை பெற்ற மக்கள் மலையடியிலேயே பொற்கன்றை வார்த்து வணங்கினர். மோசே கற்பலகைகளை உடைத்தெறிந்தது சினத்தின் செயல் மட்டுமன்று. உடன்படிக்கை முறிந்தது என்பதன் அடையாளமுமாம். மோசே மக்களுக்காகப் பரிந்து பேசும்பொழுது, அவர்களிடம் உள்ள நற்பண்பு எதனையும் காரணமாகக் காட்டவில்லை. ஆபிரகாம் முதலிய முன்னோருக்குக் கடவுள் ஆணையிட்டதையே நினைவூட்டுகின்றார். பலகைகள் மீண்டும் எழுதப்படுகின்றன. அவ்வேளையில் கடவுள் தம் இயல்பைத் தாமே கூறுவதாக 34-ஆம் அதிகாரம் உரைக்கின்றது. இரக்கம், நீடிய பொறுமை, நிறைந்த ஹெசெத், உண்மை ஆகியன அங்கு எண்ணப்படுகின்றன. குற்றத்தைத் தண்டியாது விடுபவர் அல்லர் என்பதும் உடன் கூறப்படுகின்றது. ஆகவே, உண்மையுடைமை என்பது தவற்றைக் காணாதது போல் இருத்தல் அன்று. தண்டித்தலும் கைவிடாமையும் ஒருங்கே நிற்றலே இந்நூலின் கருத்து.

இக்கூற்று பழைய ஏற்பாட்டில் பலவிடங்களில் எதிரொலிக்கின்றது. பகைநகராகிய நினிவே தப்பியபொழுது யோனா இதே கூற்றைச் சொல்லித்தான் கடவுளிடம் குறைபட்டுக்கொள்கின்றார் என்பது சுவையான செய்தி. 1979-இல் எருசலேமின் கெத்தேப் இன்னோம் கல்லறையில் கபிரியேல் பர்க்காய் குழுவினர் இரு சிறு வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தனர். கி.மு. ஏழாம், ஆறாம் நூற்றாண்டுகளின் இடைப்பட்ட காலத்தனவாகக் கருதப்படும் அவற்றுள் ஒன்றில், தம்மிடம் அன்பு கூர்வோர்க்கு உடன்படிக்கையையும் ஹெசெத்தையும் காப்பவர் என்னும் கருத்து பொறிக்கப்பட்டுள்ளது. நகரம் அழிந்த காலத்தையொட்டி வாழ்ந்த ஒருவர், இச்சொற்களைக் காப்பாக உடன்வைத்திருந்தார் என்பது உள்ளத்தைத் தொடும் செய்தியாகும்.

ஓசியாவின் இல்லறம்

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் வடநாட்டில் வாழ்ந்த ஓசியா, இவ்வுண்மையைத் தம் இல்லறத் துன்பத்தின் வாயிலாகவே எடுத்துரைத்தார். மனைவி கோமேர் பிறரை நாடிச் சென்றாள். பிள்ளைகளுக்கு இடப்பட்ட பெயர்களுள் ஒன்று, 'என் மக்கள் அல்லர்' என்னும் பொருளது. உடன்படிக்கை முறிந்ததை ஒரு குழந்தையின் பெயரே அறிவித்தது. ஆயினும் நூலின் மூன்றாம் அதிகாரத்தில், ஓசியா 15 வெள்ளியும் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணை மீட்கின்றார். அவள் கோமேரே என்பது பெரும்பாலோர் கொள்கை. 11-ஆம் அதிகாரத்தில் உவமை மாறுகின்றது. குழந்தைக்கு நடை பழக்கிய தந்தையாகக் கடவுள் பேசுகின்றார். அக்குழந்தையை எவ்வாறு கைவிடுவது என்று அவர் உள்ளமே அவரோடு போராடுகின்றது. மனிதராயின் சினம் வெல்லும். தாம் மனிதர் அல்லர் என்பதே அவர் காட்டும் காரணம்.

எனினும், கி.மு. 722-ஆம் ஆண்டளவில் சமாரியா வீழ்ந்தது. வாக்கு இருந்தும் அழிவு வந்தது. இவ்விரண்டையும் மறைக்காமல் அருகருகே வைப்பதே மறைநூலின் நேர்மை.

எரிந்த நகரின் புலம்பல்

தெற்கே யூதாவும் அவ்வழியே சென்றது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றியதைப் பாபிலோனிய நாளாகமம் உறுதி செய்கின்றது. இதனை 1956-இல் வைசுமன் வெளியிட்டார். சிறைப்பட்ட மன்னன் யோயாக்கீனுக்கும் அவன் மைந்தர் ஐவருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு, பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ளது. இரண்டாம் முற்றுகையின் இறுதியில் நகரமே எரிந்தது.

அவ்வழிவைப் பாடும் புலம்பல் நூல் ஐந்து பாடல்களால் ஆனது. முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை முறையே முதலாகக் கொண்டவை. ஆத்திசூடியின் அகரவரிசை அமைப்பை அறிந்த தமிழர்க்கு இவ்வடிவம் புதிதன்று. ஆத்திசூடியில் அவ்வரிசை நினைவிற்குத் துணை. புலம்பலிலோ கரைகாணாத துயரத்துக்கு ஒரு கரையாகவும் அமைகின்றது எனலாம். நடுவில் நிற்கும் மூன்றாம் பாடல், எழுத்துக்கு மூன்றாக 66 அடிகள் கொண்டது. ஹெசெத் ஒழிந்து போகவில்லை, எமூனா காலைதோறும் புதிதாகின்றது என்னும் அறிக்கை இப்பாடலில்தான் வருகின்றது. நகரம் மீண்டபின் அன்று, சாம்பலின் நடுவிலிருந்தே இது சொல்லப்பட்டது. ஆயினும் நூல் அங்கு முடியவில்லை. ஐந்தாம் பாடல் எழுத்து வரிசையையும் கைவிட்டு, எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்னும் ஐயத்தோடு நிற்கின்றது. தாவீதுக்கு அளித்த வாக்கு எங்கே என்று 89-ஆம் சங்கீதமும் கடவுளையே வழக்குக்கு இழுக்கின்றது. வாக்கு உண்டென்று நம்புபவரே இவ்வாறு முறையிட இயலும்; நம்பாதவர்க்கு முறையிட இடமே இல்லை.

முற்றுகையின் நடுவே எரேமியா ஒரு செயல் செய்தார். பகைவர் பிடியில் இருந்த ஆனதோத் ஊரில், உறவினனுடைய நிலத்தை 17 வெள்ளி கொடுத்து வாங்கினார். பத்திரத்தை நெடுநாள் நிலைக்கும்படி மண்கலத்தில் இட்டு வைக்கச் செய்தார். அன்றைய நிலையில் அந்நிலத்துக்கு விலையே இல்லை. வீடும் நிலமும் மீண்டும் வாங்கப்படும் நாள் வரும் என்னும் வாக்கையே அவர் விலை கொடுத்து வாங்கினார். கல்லில் அன்றி உள்ளத்தில் எழுதப்படும் புதிய உடன்படிக்கை ஒன்று வரும் என்பதும் அவர் நூலில் உள்ளது.

கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் திரும்பிச் செல்ல இசைவு பிறந்தது. 1879-இல் கண்டெடுக்கப்பட்ட கோரேசின் களிமண் உருளை எருசலேமைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. ஆயினும், பெயர்க்கப்பட்ட தெய்வத் திருவுருவங்களையும் மக்களையும் அவரவர் இடங்களுக்கு அனுப்பிய அவன் கொள்கையைக் காட்டுகின்றது. கி.மு. 515-ஆம் ஆண்டளவில் ஆலயம் மீண்டும் கட்டிமுடிக்கப்பட்டது. அடித்தளம் இட்ட நாளில், பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுதனர் என்றும், மகிழ்ச்சி ஆரவாரத்தையும் அழுகையையும் பிரித்தறிய முடியவில்லை என்றும் எசுரா நூல் கூறுகின்றது. வாக்கு நிறைவேறியது, முழுமையாக நிறைவேறவில்லை.

பவுலின் வினா

புதிய ஏற்பாடு இவ்விடத்திலிருந்தே தொடர்கின்றது. 'ஏற்பாடு' என்னும் அதன் பெயரே உடன்படிக்கையைக் குறிப்பது. லூக்கா நற்செய்தியில் மரியாளும் சகரியாவும் பாடும் பாடல்கள் இரண்டும், ஆபிரகாமுக்கு அளித்த வாக்கைக் கடவுள் நினைவுகூர்ந்தார் என்றே போற்றுகின்றன. இயேசுவின் வாழ்வும் சாவும் உயிர்ப்பும் அவ்வாக்கின் நிறைவு என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை.

ஆனால் இந்நம்பிக்கையே ஒரு புதிய இடர்ப்பாட்டை உண்டாக்கிற்று. யூதருள் பெரும்பாலோர் இயேசுவை ஏற்கவில்லை. அப்படியானால் கடவுள் அவர்களைத் தள்ளிவிட்டாரா? யூதராகிய பவுல் உரோமருக்கு எழுதிய மடலில் இதனை நேருக்குநேர் எதிர்கொள்கின்றார். மனிதரின் உண்மையின்மை கடவுளின் உண்மையை வெறுமையாக்குமோ என்று மூன்றாம் அதிகாரத்தில் வினவி, ஒருபோதும் இல்லை என்று மறுக்கின்றார். அவர் ஆளும் 'பிசுத்திசு' என்னும் கிரேக்கச் சொல், நம்புதல், நம்பத்தக்க நிலையில் நிற்றல் என்னும் இருபொருளும் உடையது. 11-ஆம் அதிகாரத்தில் பிறவினத்தாரை ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளைகளாக உருவகித்து, வேர் கிளையைத் தாங்குகின்றதேயன்றிக் கிளை வேரைத் தாங்கவில்லை என்று எச்சரிக்கின்றார். கடவுள் தாம் விடுத்த அழைப்பை மீட்டுக்கொள்பவர் அல்லர் என்பதே அவர் முடிவு.

இவ்வெச்சரிக்கையைத் திருச்சபை நெடுங்காலம் போதிய அளவு செவிமடுக்கவில்லை. யூதர் கடவுளால் தள்ளப்பட்டவர் என்னும் போதனை பல நூற்றாண்டுகள் பரவி, கொடுமைகளுக்கு இடமளித்தது. இரண்டாம் உலகப் போரில் யூதர் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டபின், கிறிஸ்தவர் தம் போதனையை மீண்டும் ஆராயத் தலைப்பட்டனர். 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட அறிக்கை, யூதரைத் தள்ளப்பட்டவராகவோ சபிக்கப்பட்டவராகவோ காட்டலாகாது என்று உரைத்தது. அதற்கு அடிப்படையாக அது சுட்டியது பவுலின் இம்மடலையேயாம்.

இதன் பொருத்தம் எண்ணிப் பார்க்கத்தக்கது. முதலில் அழைத்த மக்களைத் தவறு கண்டு கைவிடும் கடவுள், பின்னர் அழைத்தவரையும் அவ்வாறே கைவிடக்கூடும். எனவே, பிறர்க்குக் கொடுத்த வாக்கு முறிந்தது என்று மகிழ்பவர், தாம் நிற்கும் நிலத்தையே தோண்டுகின்றார். முன்னவர்க்கு அளித்த சொல் நிலைத்தால்தான் பின்னவர்க்கு அளித்த சொல்லும் நிலைக்கும்.

பிளந்த துண்டங்களின் நடுவே தீப்பந்தம் தனியே சென்றது முதல், மண்கலத்தில் வைத்த பத்திரம் வரை, மறைநூல் காட்டும் உண்மையுடைமை துன்பம் வாராது தடுக்கும் மதில் அன்று. அடிமைத்தனமும் நாடுகடத்தலும் வந்தே தீர்ந்தன. அவற்றின் நடுவிலும் உறவு அறுபடவில்லை என்பதே அந்நூல் கூறும் செய்தி. தகுதியால் பெறாத ஒன்றைத் தகுதியின்மையால் இழக்கவும் இயலாது என்னும் இக்கருத்தே, சாம்பலின்மேல் அமர்ந்திருந்த மக்களுக்கு அடுத்த நாள் காலையை எதிர்நோக்கும் வலிமையை அளித்தது.